முதலில் நந்தியாவட்டை, பிறகு வெண்கொக்கு

கேள்வி: சென்னையில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலை அடுத்த சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டைச் சுற்றி இருபது சென்ட் விளை. செம்பருத்தி, நந்தியாவட்டை, பிச்சி, வாழை எல்லாம் நிற்கின்றன. மகன் ஒரு கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் வாங்கித் தந்திருக்கிறான். இந்த ஆவணியில் மட்டும் மூன்று முறை மணக்குடிக் காயலுக்குப் போனேன். கொக்கெல்லாம் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் வருகிறது. வீட்டில் செம்பருத்தியை எடுத்தால் சிவப்புக் கறையாக வருகிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? கடலோரப் பறவைகளை எங்கே, எப்போது எடுப்பது நல்லது?

பதில்:

இப்போதைக்கு லென்ஸ் வாங்க வேண்டாம். கொக்கு வெள்ளைக் காகிதம்போல் வருவதற்கும் லென்ஸின் நீளத்துக்கும் தொடர்பே இல்லை. 600 மி.மீ. வாங்கினாலும் அதே வெள்ளைக் காகிதம்தான் இன்னும் பெரிதாக வரும். உங்களுக்கு வேண்டிய பாடம் உங்கள் விளையிலேயே நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மாவட்டத்துக் கரையோரங்களில் கேமராவோடு நடந்து வருகிறேன். பறவையைப் படமெடுக்க நான் கற்றதில் பாதிக்கு மேல் கற்றுத் தந்தது எங்கள் கிணற்றடியில் நிற்கும் ஒரு நந்தியாவட்டைச் செடி. பூ பறந்து போகாது. எத்தனை முறை தவறினாலும் அதே இடத்தில் நின்று இன்னொரு வாய்ப்புத் தரும்.

நீங்கள் ஆவணியில் கேட்டதும் நல்லதாயிற்று. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளில் முன்னால் வருபவை மட்டுமே இப்போது கரையில் இருக்கும். கூட்டம் சேர ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும். மார்கழியும் தையும்தான் மணக்குடிக் காயலும் புத்தளம் உப்பளமும் நிறைந்து கிடக்கும் காலம். ஆகவே உங்கள் கையில் முழுதாக இரண்டு மாதம் இருக்கிறது. அதை விளையில் செலவழியுங்கள்.

முதலில் கொக்கின் கதையைப் பார்ப்போம். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எது கொக்கு, எது சேறு என்று தெரியாது. கண்முன் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மணக்குடியின் கரிய சேற்றில் ஒரு கொக்கு நின்றால், படத்தில் பத்தில் ஒன்பது பங்கு கறுப்பு, ஒரு பங்குதான் வெள்ளை. கேமரா அந்தக் கறுப்பை வெளிச்சமாக்குவதற்காக ஒளியை அள்ளி அள்ளி உள்ளே விடுகிறது. சேறு பளிச்சென்று தெரிகிறது, கொக்கு வெளுத்துப் போகிறது. ஒருமுறை முழுதாக வெளுத்துவிட்ட இடத்தில் இறகின் வரியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதே கணக்குத்தான் நந்தியாவட்டையிலும். கரும்பச்சை இலைக்கூட்டத்தின் நடுவே தூய வெள்ளைப் பூ. காலை எட்டு மணி வெயிலில் அதன் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதைச் சுழியத்தில் வைத்து ஒரு படம், கழித்தல் மூன்றில் ஒன்றில் ஒரு படம், மூன்றில் இரண்டில் ஒரு படம், கழித்தல் ஒன்றில் ஒரு படம், ஒன்றே மூன்றில் ஒன்றில் ஒரு படம் என்று ஐந்து எடுங்கள். ஐந்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றை நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடிபோல் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒவ்வோர் இதழிலும் மெல்லிய மடிப்பு ஓடும். எந்தப் படத்தில் அந்த மடிப்பு தெரிகிறதோ, அந்த எண்தான் மணக்குடிக் கொக்குக்கும் தொடங்கும் எண். வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை இன்றே திறந்து வையுங்கள். வெயிலில் திரையைப் பார்த்து வெளிச்சத்தை எடைபோட முயன்றால் கண் ஏமாற்றும். மினுக்கல் ஏமாற்றாது.

எதிர்க்கணக்கும் இருக்கிறது. வெளுத்த வானத்தின் பின்னணியில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை எடுத்துப் பாருங்கள். வெறும் கறுப்பு நிழலாக வரும். அங்கே கூட்டல் ஒன்று, ஒன்றரை வரை போக வேண்டும். அதுதான் பழையாற்று மூங்கில் கழியில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்துக்கான பாடம். இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால் மாவட்டத்தின் பறவைகளில் முக்கால்வாசிக்கு வெளிச்சக் கணக்கு முடிந்தது. ஒரே ஒரு பறவை மட்டும் இரண்டு கணக்கையும் சேர்த்துக் கேட்கும். அது செம்பருந்து, நம்மூரில் கிருஷ்ணப் பருந்து என்று சொல்வோமே, அதுதான். தலையும் மார்பும் வெள்ளை, உடல் செம்பழுப்பு. அங்கே வெள்ளையைக் காப்பாற்றுங்கள். செம்பழுப்பு சற்று இருண்டால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதற்காகத்தான் படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகச் சேமிக்கச் சொல்கிறார்கள்.

செம்பருத்தி கறையாக வருவதற்குக் காரணம் வேறு. கேமராவின் உணரி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. செம்பருத்தி இதழில் பச்சையும் நீலமும் மிகக் குறைவு, சிவப்பு மட்டும் பொங்கி வழியும். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் ஒளிமானி சொல்லும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தை முட்டி நின்றிருக்கும். முட்டியபின் இதழின் நரம்பும் மடிப்பும் எல்லாம் ஒரே சிவப்புத்தான். ஆகவே நேர்வெயிலில் எடுக்காதீர்கள். விடிந்து பூ விரிந்த பிறகு, வெயில் அதன்மேல் விழுவதற்கு முன் எடுங்கள், அல்லது மழை மேகம் மூடிய காலையில் எடுங்கள். வேறு வழியில்லாமல் வெயிலில் எடுக்க வேண்டுமானால் பழைய ஒற்றை வேட்டி ஒன்றை இரண்டு கம்பில் கட்டிப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே பிடியுங்கள். கேமராவின் நிற அமைப்பைப் பளபளப்பான வகையில் இருந்து சாதாரண வகைக்கு மாற்றுங்கள். பொத்தானில் கழித்தல் மூன்றில் இரண்டு வையுங்கள். அப்புறம் பாருங்கள், இதழ் பட்டுத்துணிபோல் வரும்.

செம்பருத்தியில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. பூவின் நடுவிலிருந்து நீண்டு வரும் தண்டைக் கவனியுங்கள். அதன் நுனியில் ஐந்து சிறு கிளைகள், ஒவ்வொன்றின் முனையிலும் வெல்வெட் உருண்டைபோல் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்குக் கீழே மகரந்தப் பைகள் மஞ்சள் பொடியோடு நிற்கும். அந்த ஐந்து புள்ளிகளும் கூர்மையாக இருந்து இதழெல்லாம் மங்கலாக இருந்தாலும் படம் நிற்கும். இதழ் கூர்மையாகவும் புள்ளிகள் மங்கலாகவும் இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ குறையாகவே படும். பறவைக்குக் கண் எப்படியோ, செம்பருத்திக்கு இந்தப் புள்ளிகள் அப்படி. சின்ன இடத்தைத் தேர்ந்து குவிமையத்தை அங்கே கொண்டுபோய் வைக்கும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டால், கடற்பறவையான ஆலா ஒன்று எதிரே வரும்போது விரல் தானாகவே அதன் கண்ணைத் தேடும்.

ஆவணியில் விளையில் பூ எடுப்பதற்கு ஒரே எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிறது. தென்மேற்குப் பருவம் முடியும் வரை அதன் ஆட்டம் இருக்கும். விடிந்து ஒரு மணி நேரம் மட்டும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அந்த நேரத்தை விடாதீர்கள். ஆடும் காம்பின் அருகே ஒரு கம்பை ஊன்றி, மெல்லிய நூலால் தளர்வாகக் கட்டினால் போதும், பூவுக்கும் வலிக்காது. ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகப் போகக் கூடாது. உங்கள் 70-300 லென்ஸ் பொதுவாக ஒரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு மேல் நெருங்க விடாது. அது குறையன்று. 300-இல் வைத்துத் தள்ளி நின்று எடுத்தால் பின்னணி வெண்ணெய்போல் கரைந்துவிடும். இன்னும் நெருங்க வேண்டுமென்றால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் இடைக்குழாய் போதும். புது லென்ஸைவிட மிக மலிவு.

கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பூவரசு மரத்தைக் குறித்து வையுங்கள். காலையில் விரியும் பூ எலுமிச்சை மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது சாயச் சாய மஞ்சள் மங்கி, இளஞ்சிவப்பாகி, வாடும்போது செம்மை ஏறிவிடும். ஒரே பூவைக் காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து என்று மூன்று முறை ஒரே கோணத்தில் எடுத்து வரிசையாக வையுங்கள். வெளிச்சத்தின் நிறம் எது, பூவின் நிறம் எது என்று பிரித்தறியக் கண் பழகும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் புன்னைப்பூவையும் நாரையையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நம் கடற்கரையில் நின்று பார்த்தால் அது எவ்வளவு இயல்பு என்று தெரியும்.

தோவாளைப் பூச்சந்தையையும் ஒரு நாள் பார்த்துவிடுங்கள். பிச்சி விடியும் முன்பே பறிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடும். மொட்டின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்பு, இருட்டில் விளக்கொளியில்தான் அழகு. ஓணம் நெருங்கும் நாட்களில் கேரளத்துக்குப் போகும் பூ மலையாகக் குவிந்திருக்கும். யாரையும் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது பரபரப்பான வியாபார நேரம்.

இனி வாழை. இதுதான் பூவிலிருந்து பறவைக்குப் போகும் பாலம். வாழைப்பூவின் மடல் ஒன்று தூக்கிய காலையில், உள்ளே வரிசையாக இருக்கும் சிறு பூக்களில் தேன் நிரம்பியிருக்கும். தேன்சிட்டு வராமல் இருக்காது. நான்கு மீட்டர் தள்ளி, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். மடலின் விளிம்பில் குவிமையத்தை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருங்கள். வந்தவுடன் படமெடுக்க வேண்டாம். முதல் இரண்டு முறை பார்த்து மட்டும் வையுங்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே கால் வைக்கிறது, எப்போது தலை நிமிர்த்துகிறது என்று ஓர் ஒழுங்கு இருக்கும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் பறவைக்கு உச்சந்தலையிலும் தோளிலும் ஒரு பச்சை மினுமினுப்பு உண்டு. அது சாயத்தால் வரும் நிறமன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. ஆகவே ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தலை திரும்பும் கணத்தில் மட்டும் பற்றி எரியும், அடுத்த கணம் அணைந்துவிடும். 1/1000-க்குக் குறையாத வேகத்தில் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து பழகியவருக்கு மணக்குடியில் எதுவும் கடினமில்லை.

இப்போது கரைக்கு வருவோம். மணக்குடியில் வெளிச்சத்தை எப்படிப் பிடிப்பது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. பழையாறு கடலில் சேரும் காயலின் கிழக்குக் கரை கீழமணக்குடி, மேற்குக் கரை மேலமணக்குடி. காலையில் கீழமணக்குடிக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். மாலையில் மேலமணக்குடிக் கரை. மூன்று முறை போயும் படம் வரவில்லை என்றால், தவறான கரையில் தவறான நேரத்தில் நின்றீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பாலத்தின் மேல் நின்று எடுக்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பறவைக்குப் பின்னணி வெறும் சேறு. கரையில் இறங்கி அதன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தால் பின்னணி தொலைவில் உள்ள தண்ணீரும் அலையாத்திப் பச்சையுமாக மாறி, பறவை தனியே எடுபட்டு நிற்கும். ஒரே லென்ஸ், ஒரே பறவை, ஒரே வெளிச்சம்தான். உட்கார்ந்தது மட்டும்தான் வேறுபாடு.

ஓதக் கணக்கு பார்த்துப் போக வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் வற்றல் அதிகம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது பொழி, அதாவது காயல் கடலில் திறக்கும் வாய். ஆற்று நீர் குறையும் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். பொழி அடைத்திருந்தால் கடலில் என்ன ஓதம் இருந்தாலும் காயலுக்குள் நீர் மட்டம் அசையாது. சேறு நீருக்கடியில் கிடக்கும், உள்ளான்களுக்கு மேய இடமிருக்காது. மழையில் பொழி உடைந்து நீர் வடிந்ததும் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். அப்போது போங்கள். போவதற்கு முன் அங்கே கரையில் வலை உலர்த்துபவர் யாரையாவது "பொழி திறந்திருக்கிறதா?" என்று கேட்டால் போதும். அவர் சொல்வது எந்த அட்டவணையைவிடவும் சரியாக இருக்கும்.

கடற்கரையில் பறக்கும் பறவைகளுக்குக் காற்றுதான் திசைகாட்டி. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காலை நேரத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே தரைப்பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் உங்கள் முகத்துக்கு நேராகவே ஆலாக்களும் கடற்காகங்களும் வந்து இறங்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் எல்லாம் வாலைக் காட்டத் தொடங்கிவிடும். கரையிலிருந்தே இழுக்கும் கரைமடி வலையை இழுக்கும் காலைகளில் சங்குத்துறைப் பக்கமோ பள்ளம் பக்கமோ நின்றீர்களானால், மடி கரையை நெருங்க நெருங்க மேலே செம்பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். வேலை செய்பவர்களின் கயிற்றுக்குக் குறுக்கே மட்டும் போய்விடாதீர்கள்.

பறக்கும் பறவையில் முதல் பாடத்துக்கு நான் பரிந்துரைப்பது கறுப்பு வெள்ளை மீன்கொத்தியை. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று மீனைக் குறிபார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தச் சில விநாடிகளில் குவிமையம் பிடிக்க நேரம் கிடைக்கும். 1/2000 வேகம், நகரும் பறவையைக் குவிமையம் விடாமல் பின்தொடரும் தொடர்குவியம், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. தானியங்கியில் 3200 உச்சவரம்பு. அதில் தேறியபின் ஆலாவைத் துரத்தலாம்.

புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு இந்த மாவட்டத்தில் மிகப் பிடித்த ஒளி அங்கேதான் இருக்கிறது. பறக்கும் பறவையின் அடிச்சிறகு எங்கும் இருட்டாகத்தான் விழும். உப்பளத்தில் மட்டும் வெளிறிய பாத்தியும் உப்புக் குவியலும் சூரிய ஒளியைக் கீழிருந்து மேலே அடிக்கின்றன. பவளக்கால் உள்ளான் ஒன்று தலைக்கு மேல் கடக்கும்போது அதன் வெள்ளை வயிறும் பின்னால் நீண்ட சிவந்த கால்களும் உள்ளிருந்து விளக்கு ஏற்றியதுபோல் இருக்கும். ஆனால் ஒன்பது மணிக்குமேல் அங்கே எடுக்காதீர்கள். தரை சூடேறிக் கானல் எழும். தொலைவில் நிற்கும் பூநாரையைக் கானலின் ஊடே எடுத்தால் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும். பலர் லென்ஸைக் குறைசொல்லி விற்றதே இந்தக் கானலால்தான். உப்பு விளையும் மாதங்களில் வரப்பில் கால் வைப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தியில் ஒரு செருப்புத்தடம் விழுந்தாலும் அவர்களுக்கு வேலை கூடும்.

அங்கேதான் எனக்கு ஒரு விடியல் வாய்த்தது. தொடக்க ஆண்டுகளில் நான் பறவையை நோக்கி நேராக நடந்து போவேன். கொசு உள்ளான் கூட்டம் எழும்பும், சற்றுத் தள்ளி இறங்கும், மறுபடி போவேன், மறுபடி எழும்பும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவை தின்று சேர்த்ததை நான் வீணடிக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இருபது முப்பது கிராம் உடலோடு குமரிக்கு வந்து சேர்கிற உயிர் அது. ஒரு தை மாதக் காலையில் கால் சுளுக்கிக்கொண்டதால் நடக்க முடியாமல் வரப்போரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம் இருக்கும். கூட்டம் தானாகவே மேய்ந்துகொண்டு என் பக்கம் வந்தது. கடைசியில் மூன்று மீட்டர் தூரம். அலகு சேற்றில் இறங்கி ஏறும் வேகம் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் இருந்தது. ஒன்று நின்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதன் கரிய கண்ணில் வரப்பும் வானமும் சின்னதாகத் தெரிந்தன. அந்தப் படத்தை எடுத்தது உங்களிடம் இருப்பதுபோன்ற 70-300 லென்ஸில்தான். அதற்குப் பிறகு நான் பறவையிடம் போவதில்லை. அது வரும் வழியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால், அங்கேயே நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கியபின்தான் அடுத்த அடி. கோடையில் உப்பளத் தரையிலும் குளத்து விளிம்பிலும் பவளக்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறும் தரையில் முட்டையிடும். ஒரு பறவை கத்திக்கொண்டு உங்களையே சுற்றினாலோ, சிறகு ஒடிந்ததுபோல் நொண்டிக் காட்டினாலோ, பக்கத்தில் கூடு இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட்டுப் படம் நமக்கு வேண்டாம். நாம் நிற்கும் பத்து நிமிடத்தில் வெயில் முட்டையை வேகவைத்துவிடும், அல்லது நாம் போனதும் காகம் வந்துவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், பொரி போட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றும் சேர்ந்து பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. கடலோரம் போக முடியாத நாட்களுக்கு இவை போதும். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி என்று எப்போதும் ஏதாவது இருக்கும். சாலையோரக் குளத்துப் பறவைகள் வண்டிகளுக்குப் பழகியவை. மனிதன் இறங்கி நடந்தால்தான் அஞ்சும். காரில் இருந்தபடியே, இஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு சிறு பயறு மூட்டையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுங்கள். தாமரை பூத்திருக்கும் காலத்தில் இலைமேல் நடக்கும் இலைக்கோழியையும் பூவையும் ஒரே சட்டத்தில் கொண்டுவரலாம். உங்கள் இரண்டு ஆசையும் அங்கே ஒன்றாகிவிடும்.

கருவிப் பராமரிப்பில் இரண்டு செய்தி. நம்மூர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிக எளிது. என் முதல் லென்ஸைத் தோல் பையோடு பீரோவில் வைத்து ஒரு மழைக்காலம் முழுவதும் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல் படர்ந்திருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி, இவ்வளவும் சில நூறு ரூபாய்தான். ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டில் நிற்கட்டும். அடுத்து, கடலோரத்திலிருந்து வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியை மட்டும் முதலில் ஊதுபந்தால் ஊதாமல் தொடாதீர்கள். உப்புத்துகளோடு தேய்த்தால் கீறல் விழும். முட்டம் பாறைகளில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சாரல் கண்ணுக்குத் தெரியாமலே லென்ஸில் படியும். கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது கூடவே கூடாது.

600 மி.மீ. எப்போது வாங்கலாம் என்று கேட்டால், ஒரு பருவம் முழுவதும் எடுத்தபின் உங்கள் படங்களே சொல்லும். வெளிச்சம் சரி, கண் கூர்மை, பறவை அமைதியாக இருக்கிறது, ஆனாலும் சட்டத்தில் சின்னதாகவே இருக்கிறது என்று பங்குனியில் தோன்றினால் வாங்குங்கள். கைமாறி வரும் லென்ஸ் என்றால் இருட்டில் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

எடுத்த படங்களைக் கணினியில் புதைத்துவிடாதீர்கள். தேதி, இடம், எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. உங்கள் விளையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் அது கணக்கில் சேரும். உள்ளான்களின் படத்தைப் பெரிதாக்கும்போது காலையும் பாருங்கள். சிலவற்றின் காலில் வளையமோ எழுத்துப் பொறித்த நிறப்பட்டையோ இருக்கும். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. மற்ற நாடுகளில் இட்டவையும் வரும். படம் மங்கலாக இருந்தாலும் அந்த எழுத்தைப் படிக்க முடிந்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்ற விடை கிடைத்துவிடும்.

ஐப்பசி மழை விட்டதும் ஒரு காலை ஆறு மணிக்கெல்லாம் கீழமணக்குடிக் கரையில் இருங்கள். மார்கழியில் ஆறரைக்குத்தான் சூரியன் எழும், அப்போது சற்றுத் தாமதமாக வந்தாலும் போதும். வெள்ளைச் சட்டை வேண்டாம். உட்கார ஒரு பழைய சாக்கு எடுத்துச் செல்லுங்கள், விடியலில் அந்தச் சேறு நன்றாகக் குளிரும். கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பொத்தானை நந்தியாவட்டை எண்ணில் வைத்துவிடுங்கள்.